நாற்காலிக்கும் திரைக்கும் இடையே

2006 ஏப்ரல் 18 அன்று தோஷிபாவின் எச்டி-ஏ1 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. உயர்தெளிவுப் படத்தட்டுகளை வீட்டில் ஓட்டிப் பார்ப்பதற்காக அந்த நாட்டில் வெளியான முதல் பிளேயர் அதுதான். விலை 499 டாலர். அதில் சில நோட்டுகளை மட்டும் கொடுத்தாலே ஒரு நல்ல டிவிடி பிளேயர் வாங்கிவிடக்கூடிய காலம் அது. கூடவே வந்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: 'தி லாஸ்ட் சாமுராய்', 'மில்லியன் டாலர் பேபி', 'செரினிட்டி' என்று. அது ஓட்டியது எச்டி டிவிடி என்ற வடிவம்; அதற்குப் போட்டியான சோனி தரப்பின் புளூரே இரண்டு மாதத்தில் வரவிருந்தது. இரண்டு வடிவங்களும் சேர்ந்து பிழைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எது போகும் என்பது ஒருவருக்கும் தெரியாது. அப்படியும் சிலர் வாங்கினார்கள்.

2008 பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. மொத்தம் இருபத்திரண்டு மாத வாழ்வு. வாங்கியவர்கள் அவசரக்காரர்கள், ஏமாந்தவர்கள் என்பதுதான் அதற்குப் பிறகு நிலைத்துவிட்ட கதை. எனக்கு அந்தக் கதையில் முழு உடன்பாடு இல்லை. அந்த வாங்குநர் எதையெல்லாம் எடைபோட்டார், எதை எடைபோட அவருக்கு வழியே இல்லாமல் போயிற்று என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், தோற்றுப்போன இந்தக் கருவி வீட்டில் சினிமா பார்ப்பதைப் பற்றி இன்றைக்கும் உதவக்கூடிய சில விஷயங்களைச் சொல்லித்தருகிறது.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் விற்ற டிவிடியின் படம் அகலத்தில் 720, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்டது. உயர்தெளிவுப் படத்துக்கு 1920, 1080. பெருக்கிப் பார்த்தால் முன்னதில் 3,45,600 புள்ளிகள், பின்னதில் 20,73,600. சரியாக ஆறு மடங்கு. 2000க்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் தட்டையான பெரிய டிவிகள் ஏறத் தொடங்கியிருந்தன. ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து அவற்றை வாங்கியவர்கள் அதில் பழைய டிவிடியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யானையை வாங்கியாயிற்று, இனி அங்குசத்துக்குப் பேரம் பேசுவானேன் என்று தோன்றியவர்களே இந்தப் பிளேயரின் முதல் வாடிக்கையாளர்கள்.

ஆறு மடங்கு தகவலை அதே பன்னிரண்டு சென்டிமீட்டர் தட்டுக்குள் அடைக்க வேண்டுமானால் தட்டில் பதியும் குழிகள் சிறுக்க வேண்டும். குழி சிறுத்தால் அதைப் படிக்கும் ஒளிக்கற்றையும் கூராக வேண்டும். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். அதைவிடக் குறுகிய அலைநீளம் கொண்ட நீல ஒளியைக் குறைக்கடத்தியிலிருந்து பெறுவது பல பத்தாண்டுகளாகக் கைகூடாத காரியமாக இருந்தது. ஜப்பானின் தோகுஷிமா மாகாணத்தில் நிச்சியா என்ற நிறுவனத்தில் வேலை செய்த ஷூஜி நகமுரா காலியம் நைட்ரைடைக் கொண்டு பிரகாசமான நீல எல்இடியை 1993இல் செய்துகாட்டினார். நீல லேசரும் அதைத் தொடர்ந்து வந்தது. 2014இல் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ இருவரோடும் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றது நீல எல்இடிக்காக. எச்டி டிவிடி, புளூரே இரண்டும் பயன்படுத்தியது ஒரே 405 நானோமீட்டர் லேசரைத்தான். சண்டைக்காரர்கள் இருவருக்கும் அறிவியல் ஒன்றுதான்.

வேறுபாடு தட்டின் மேல்தோலில் இருந்தது. டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தோஷிபா அதே ஆழத்தை வைத்துக்கொண்டது. ஏற்கெனவே டிவிடி அச்சடித்துக்கொண்டிருந்த ஆலைகள் சிறிய மாற்றங்களோடு புதிய தட்டையும் அச்சடிக்கலாம், செலவு குறையும் என்பது அதன் வாதம். ஓர் அடுக்குக்கு 15 ஜிகாபைட், இரண்டு அடுக்குக்கு 30. சோனி அணி தகவலை மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் தூரத்துக்கே கொண்டுவந்துவிட்டது. ஒளியை இன்னும் நெருக்கமாகக் குவிக்க முடிந்ததால் அடுக்குக்கு 25, இரண்டடுக்கில் 50 ஜிகாபைட் கிடைத்தது. ஆனால் ஒரு சின்னக் கீறல்கூடத் தகவலைத் தொட்டுவிடும். ஆரம்ப காலப் புளூரே தட்டுகளை ஓர் உறைக்குள் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. கீறலைத் தாங்கும் கெட்டிப் பூச்சு ஒன்று வந்த பிறகுதான் உறை போயிற்று. ஒருவர் பழைய ஆலைகளை நம்பினார், மற்றவர் எதிர்காலக் கொள்ளளவை நம்பினார். 2006இல் நின்று பார்த்தால் இரண்டுமே நியாயமான கணக்குகள்.

எச்டி-ஏ1இன் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளே ஒரு கணினி இருந்தது. இன்டெல்லின் பென்டியம் 4 செயலி, ஒரு ஜிகாபைட் நினைவகம், இயங்குதளமாக லினக்ஸ். இந்த வேலைக்கென்றே தனிச் சில்லு செய்ய நேரமில்லாததால் மேசைக் கணினியின் பாகங்களை எடுத்து ஒரு பிளேயர் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பாகங்களின் செலவே விற்பனை விலையைத் தாண்டியிருக்கும் என்று அப்போதே கணித்தார்கள். கணினியின் குணமும் அதற்கு இருந்தது. பொத்தானை அழுத்தினால் அது துயிலெழ ஒரு நிமிடம் போல ஆகும். தட்டைப் போட்டால் படிக்க இன்னும் சற்று. ரிமோட்டின் சொல்லுக்கு நிதானமாகத்தான் அசையும். டிவிடியின் சுறுசுறுப்புக்குப் பழகியவர்களுக்கு எரிச்சல் வந்தது. எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. இரண்டு மணி நேரப் படத்துக்கு உட்காரத் தயாரானவர் ஒரு நிமிடம் காத்திருப்பதில் ஒன்றும் கெட்டுவிடாது.

இனிப் படத்துக்கு வருவோம். இந்தக் கருவியை எடைபோட்ட பெரும்பாலோர் கருவியையே பார்த்தார்கள். தாங்கள் உட்காரும் இடத்தைப் பார்க்கவில்லை. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைத்தான் பிரித்தறியும். அதற்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். 42 அங்குல டிவியில் 1080 வரிகளையும் கண் தனித்தனியாக உணர வேண்டுமானால் ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். அதே டிவியில் டிவிடியின் 480 வரிகள் பன்னிரண்டு அடிக்கு அப்பால்தான் கண்ணுக்குப் போதுமானவை. வரவேற்பறையில் சோபா பத்தடி தள்ளிக் கிடக்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து கண்ணால் பிரிக்க முடிவது ஏறத்தாழ 590 வரிகள். ஆறு மடங்குக்கு விலை கொடுத்தவர் அந்தச் சோபாவிலிருந்து அனுபவிப்பது அதில் ஒரு சிறு பங்குதான்.

499 டாலருக்கு வாங்கிய உயர்தெளிவில் பெரும்பகுதி, ஆக, சோபாவுக்கும் திரைக்கும் நடுவில் கீழே சிந்திப்போனது. நாற்காலியை நான்கடி முன்னே இழுத்துப் போட்டிருந்தால் செலவில்லாமலே கூடுதலாகக் கிடைத்திருக்கும். மறுபக்கமும் உண்டு. நூறு அங்குலத் திரையில் புரொஜெக்டர் வைத்திருந்தவருக்கு இதே கணக்கின்படி பதின்மூன்று அடி வரை முழுப் பயன். அவருக்கு டிவிடி தாங்கமுடியாததாகியிருக்கும்; எச்டி-ஏ1 கொடுத்த பணத்துக்கு மேலேயே ஈடுசெய்திருக்கும். ஒரே பிளேயர், ஒரே படம். ஒரு வீட்டில் வீண், இன்னொரு வீட்டில் வரம். பிளேயரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிய விமர்சனங்கள் பலவற்றில் காணாமல் போனது இந்த அளவுநாடா.

தெளிவு மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. டிவிடியில் எம்பெக்-2 முறையில் படத்தைச் சுருக்கும்போது மழை, புகை, கூட்டம் போன்ற இடங்களில் கட்டம் கட்டமாக உடையும். வானத்தின் நிறச்சாய்வு படிக்கட்டாகத் தெரியும். இவை தூரத்திலிருந்தும் கண்ணில் படும். எச்டி டிவிடி தட்டுகள் பெரும்பாலும் விசி-1 என்ற புதிய சுருக்க முறையைப் பயன்படுத்தின. மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய முறை அது. அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் தந்துவிடும். பத்தடி தள்ளி உட்கார்ந்தவருக்கும் படம் அமைதியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். கூடவே இந்தப் பிளேயர் பழைய டிவிடிகளையும் பெரிய திரைக்கு ஏற்ற அளவில் நேர்த்தியாக விரித்துக் காட்டியது. வீட்டில் முந்நூறு டிவிடி வைத்திருந்தவருக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்திருக்கும்.

அந்நாளில் எச்டி-ஏ1 மீது வைக்கப்பட்ட பெரிய குற்றச்சாட்டு, அது 1080 வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகவே வெளியிடுகிறது, முழு பிரேமாக வெளியிடவில்லை என்பது. ஒன்றுவிட்டு ஒன்றாக வருவது 1080ஐ, முழு பிரேமாக வருவது 1080பி என்று கடைக்காரர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆனால் சினிமா நொடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுவது. அதை நொடிக்கு 60 அரைப்படங்களாகப் பிரித்து அனுப்பும்போது ஒரு பிரேம் இரண்டு அரைப்படங்களாகவும் அடுத்தது மூன்று அரைப்படங்களாகவும் போகும். எந்தத் தகவலும் தொலைவதில்லை. வாங்கும் டிவி ஒழுங்காகக் கோத்துவிட்டால் முழு பிரேம் திரும்பக் கிடைத்துவிடும். பல டிவிகள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்பது வேறு விஷயம். குறை டிவியில், பழி பிளேயர் மேல்.

2006 ஜூனில் புளூரே வந்தது. சாம்சங்கின் பிடி-பி1000, 999 டாலர். எச்டி-ஏ1இன் இரு மடங்கு விலை. பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி: படம் மழுங்கலாகத் தெரிந்தது. பிளேயருக்குள் இருந்த ஒரு சில்லில் இரைச்சல் நீக்கும் வடிகட்டி தேவைக்கு மேல் முடுக்கிவிடப்பட்டிருந்தது. அது இரைச்சலோடு சேர்த்து நுணுக்கங்களையும் துடைத்துவிட்டது. பின்னால் மென்பொருள் மாற்றி அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. தட்டுகளின் நிலையும் அப்படியே. முதல் புளூரே படங்கள் ஓரடுக்குத் தட்டில், பழைய எம்பெக்-2 முறையிலேயே அச்சாகியிருந்தன. லுக் பெஸோனின் 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' பார்ப்பதற்கு மோசமாக இருக்கிறது என்று எழுந்த முறைப்பாட்டில், 2007இல் சோனி அதே படத்தைப் புதிதாகச் சீர்செய்து மறுபடி வெளியிட்டது. 50 ஜிகாபைட் என்ற பெருமை காகிதத்தில் இருந்தது. திரையில் 30 ஜிகாபைட்டின் படமே மேலாக இருந்தது.

கண்ணை மட்டும் நம்பி 2006 கோடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் தோஷிபாவைத்தான் எடுத்திருப்பார். பாதி விலை, மேலான படம். அவர் தோற்றார் என்பது உண்மை. தவறாகப் பார்த்தார் என்பது உண்மையில்லை.

இந்த வடிகட்டி விவகாரம் ஒரு பிளேயரின் கோளாறாக முடிந்துவிடவில்லை. அதன் பின்னால் சினிமாவின் உடலைப் பற்றிய ஒரு பெரிய குழப்பம் இருந்தது. ஃபிலிமில் எடுத்த படம் வெள்ளி உப்புத் துகள்களிலிருந்து உருவாவது. ஒளிப்பதிவாளர்கள் கிரெய்ன் என்று சொல்லும் அந்தத் துகள் துடிப்பு ஒவ்வொரு பிரேமிலும் வேறாக இருக்கும். திரையரங்கில் அது காற்றைப் போல இயல்பாகக் கலந்திருக்கும். விஎச்எஸ் நாடாவில் அதற்கு இடமே இல்லை, டிவிடியிலோ சுருக்கும்போதே பெரும்பாலும் கரைந்துவிடும். வீட்டுக்குள் கிரெய்ன் தெளிவாக நுழைந்தது இந்த உயர்தெளிவுத் தட்டுகளில்தான். அதைக் கண்டவர்களில் பலர் தட்டில் பழுது என்று நினைத்துவிட்டார்கள். இவ்வளவு காசு கொடுத்தும் புள்ளி புள்ளியாக இருக்கிறதே என்பது அந்நாளின் பொதுவான முணுமுணுப்பு. ஸாக் ஸ்னைடரின் '300' வேண்டுமென்றே கிரெய்ன் கூட்டிச் செய்யப்பட்ட படம். அதன் தட்டுக்கும் அதே முறைப்பாடு.

வாடிக்கையாளர் கேட்டால் வியாபாரி கொடுப்பார். கிரெய்னைத் துடைக்கத் தொடங்கினார்கள். 1970இல் 65 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்ட 'பேட்டன்' 2008இல் புளூரேயாக வந்தபோது முகங்கள் மெழுகுப் பொம்மையாகியிருந்தன. அவ்வளவு பெரிய ஃபிலிமில் கிரெய்னே மிகக் குறைவு; அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவைக்காமல் தேய்த்ததில் தோலின் துளைகளும் துணியின் நெசவும் சேர்ந்து போயின. 2012இல் அந்தத் தட்டுக்குப் பதிலாகத் திருத்திய பதிப்பைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2010இல் வந்த 'பிரிடேட்டர்' மறுபதிப்பும் இதே காரணத்துக்காகத் திட்டு வாங்கியது. பார்வையாளர் சுத்தமான படத்தைக் கேட்டார். ஸ்டுடியோ சினிமாவையே கழுவிக் கொடுத்துவிட்டது.

முதல் தலைமுறைப் பிளேயரை எடைபோட்டவர்கள் படம் எவ்வளவு கூர்மை என்று கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்தப் படம் ஃபிலிமில் எப்படி இருந்ததோ அதற்கு எவ்வளவு நெருக்கம் என்பது. கூர்மையைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. விசுவாசத்துக்குப் பொத்தான் கிடையாது. பழைய படங்களுக்குக் கோட்பாட்டோடு தட்டு போட்டுவந்த கிரைடீரியன் நிறுவனம் இந்தச் சண்டை முடியும் வரை எந்தப் பக்கமும் சாயவில்லை. 2008 இறுதியில்தான் புளூரேக்குள் நுழைந்தது. கரோல் ரீடின் 'தி தேர்ட் மேன்', வோங் கார்-வாயின் 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' ஆகியவை அதன் முதல் தொகுப்பில் இருந்தன. கிரெய்னை அப்படியே விட்டுவைத்த தட்டுகள். பொறுத்திருந்தவர்களுக்கு அங்கே ஒரு பரிசு கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முடிவைத் தீர்மானித்தது படத்தின் தரமா? இல்லை. எண்பதுகளில் தன் பீட்டாமேக்ஸ் வீடியோ நாடா தோற்ற அனுபவம் சோனியிடம் இருந்தது. அதற்குப் பிறகு, 1989இல், கொலம்பியா பிக்சர்ஸையே அது வாங்கிவிட்டது. கருவி செய்பவரிடமே படமும் இருந்தால் கருவி தனித்துச் சாகாது. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது விளையாட்டுப் பெட்டிக்குள்ளேயே புளூரே பிளேயரை வைத்து விற்றது. விளையாட்டுக்காக அதை வாங்கிய ஒவ்வொரு வீடும் கேட்காமலே புளூரே வீடாகியது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்டி டிவிடி இயக்கியைத் தனியாக, 199 டாலருக்கு விற்றது. கேட்டு வாங்க வேண்டியதற்கும் கேட்காமல் வந்துசேர்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

ஸ்டுடியோக்கள் ஏலத்தில் நின்றன. யுனிவர்சல் தொடக்கத்திலிருந்தே எச்டி டிவிடி பக்கம். டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி புளூரே பக்கம். 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்டி டிவிடிக்கே என்று தாவின. அந்த நவம்பரில் வால்மார்ட்டில் தோஷிபாவின் எச்டி-ஏ2 98 டாலருக்கு வந்தது, கூட்டம் முண்டியடித்தது. இரண்டே மாதம். 2008 ஜனவரி 4 அன்று, லாஸ் வேகாஸில் மின்னணுப் பொருட்காட்சி தொடங்கவிருந்த நேரத்தில், இரு வடிவத்திலும் படம் வெளியிட்டுவந்த வார்னர் இனிப் புளூரே மட்டுமே என்றது. எச்டி டிவிடி அணி பொருட்காட்சியில் நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தை ரத்துசெய்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் வரிசையாகக் கைகழுவின. அதே மாதம் 19ஆம் தேதி தோஷிபா தோல்வியை ஏற்றுக்கொண்டது.

இந்த வரிசையில் எந்தப் படியிலும் படத்தின் தரம் பேசப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வாங்குநர் கடையில் நின்று திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்போ அவர் நுழைய முடியாத அறைகளில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பிளேயரை எடைபோடலாம், வார்னரின் மனத்தை எந்தத் தராசில் வைப்பது?

பூட்டுகளைப் பற்றியும் பேச வேண்டும். இரண்டு வடிவங்களுமே ஏஏசிஎஸ் என்ற மறையாக்கத்துக்குள் இருந்தன. ஸ்டுடியோ விரும்பினால் பழைய கேபிள் வழியாகப் போகும் படத்தை 960க்கு 540 என்று கால்வாசியாகக் குறைத்துவிடும் ஒரு குறியும் அதில் இருந்தது. அதாவது, 2006க்கு முன்பு எச்டிஎம்ஐ துளை இல்லாத உயர்தெளிவு டிவி வாங்கியவரின் படத்தைத் தூரத்திலிருந்தே குறைக்கும் அதிகாரம். ஸ்டுடியோக்கள் அப்போது அதைப் பொதுவாகப் பயன்படுத்தவில்லை. ஆனால் சாட்டை சுவரில் தொங்கியது. 2007இல் ஏஏசிஎஸ்ஸின் ஒரு திறவுகோல் கசிந்தது; பதினாறே பைட். அதை அழிக்க முயன்ற தளத்தில் வாசகர்கள் அதையே ஆயிரக்கணக்கில் மறுபடி மறுபடி பதித்துக் கலகம் செய்தார்கள்.

பூட்டுகளில் ஒன்று மட்டும் எச்டி டிவிடியில் இல்லை. அதற்கு மண்டலக் குறியீடு கிடையாது. அமெரிக்காவில் வாங்கிய தட்டு சென்னையிலும் ஓடும். டிவிடி உலகத்தில் இந்தியா ஐந்தாம் மண்டலம். வெளிநாட்டுத் தட்டைத் தருவித்தவர்கள் பிளேயரின் பூட்டை உடைக்கக் கடைக்காரரிடம் தனியாகச் சொல்லிவைக்க வேண்டியிருந்ததை இங்குள்ள சினிமா ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புளூரேயில் உலகம் ஏ, பி, சி என மூன்று கூறானது, இந்தியா சி. எச்டி டிவிடி வென்றிருந்தால் அந்த வேலிகளில் ஒன்றாவது இல்லாமல் போயிருக்கும். தோற்றதில் நமக்கும் ஒரு சின்ன நஷ்டம் உண்டு.

தோற்ற பிறகு என்ன ஆயிற்று? எச்டி-ஏ1 அன்று இரவே செத்துவிடவில்லை. தட்டு இருக்கும் வரை அது ஓட்டும். வார்னர் ஒரு திட்டம் கொண்டுவந்தது: தன் எச்டி டிவிடிகளின் அட்டையை அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 4.95 டாலரும் அஞ்சல் செலவும் வாங்கிக்கொண்டு புளூரே தரும். மரியாதையான ஏற்பாடுதான். அதை அலட்சியம் செய்தவர்கள் பின்னால் வருந்தியிருப்பார்கள். வார்னரின் எச்டி டிவிடிகளில் ஏராளமானவை காலப்போக்கில் உள்ளுக்குள் கெட்டுப் படிக்க முடியாமல் போய்விட்டன. தட்டின் இரு பாதிகளை ஒட்டிய பசையும் நடுவிலிருக்கும் உலோகப் படலமும் சரியில்லாமல் போனால் இப்படித்தான் ஆகும்; மேலே கீறல் ஒன்றும் இருக்காது. 2006க்கும் 2008க்கும் இடையில் அச்சான தன் டிவிடிகள் சிலவற்றிலும் இதே நோய் இருப்பதை 2025இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. கருவி பிழைத்துக் கிடக்க, தட்டு முந்திக்கொண்டது. 2006இல் எந்த விமர்சகரும் பிளேயரின் பக்கத்தில் வைத்துப் பசையை எடைபோடவில்லை.

இரண்டு அணிகளும் முட்டிக்கொண்டிருந்த அதே 2007 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கியிருந்தது. அப்போது அதன் படம் டிவிடியைவிட மட்டம், யாரும் பொருட்படுத்தவில்லை. நாற்காலிக் கணக்கு இங்கே திரும்பி வருகிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்த பெரும்பான்மைக்குத் தெளிவு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. எழுந்து போய்த் தட்டு மாற்றாமலிருப்பதுதான் பொருட்டாக இருந்தது. வென்ற புளூரே அந்தச் சோபாவிடம் தோற்றது. நெட்ஃபிளிக்ஸ் அஞ்சலில் தட்டு அனுப்புவதை 2023 செப்டம்பரில் நிறுத்தியது. பெஸ்ட் பை 2024இல் படத்தட்டு விற்பதை விட்டது. பிளேயர் செய்துகொண்டிருந்த ஓப்போவும் சாம்சங்கும் எல்ஜியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கின.

இந்த இடத்தில் அந்த முதல் வாங்குநரை மறுபடி பார்க்கிறேன். இன்று மாதக் கட்டணம் கட்டிப் படம் பார்ப்பவர் 1080 என்றோ 4கே என்றோ எழுதியிருப்பதை நம்புகிறார். ஆனால் எச்டி டிவிடியில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 29 மெகாபிட் வரை இடமிருந்தது, புளூரேயில் 40. அதே 1080க்கு இணையச் சேவைகள் செலவிடுவது அதில் மிகச் சிறிய பகுதி. மழையும் புகையும் மறுபடி கட்டம் கட்டமாக உடைகின்றன. நேற்று இருந்த படம் இன்று பட்டியலில் இல்லை. 2006இல் 499 டாலர் கொடுத்தவருக்குக் கையில் ஒரு தட்டாவது இருந்தது. கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்றும் தெரிந்திருந்தது.

என் தீர்ப்பு இது. எச்டி-ஏ1 படத்துக்காக வாங்கியவருக்கு நல்ல கொள்முதல். பெரிய திரையும் அருகில் நாற்காலியும் இருந்தால் 2006இல் அதற்கு இணை இல்லை. படத்தட்டுகளைச் சேர்த்து வைக்க வாங்கியவருக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை அவர் எவ்வளவு கவனமாக எடைபோட்டிருந்தாலும் தவிர்த்திருக்க முடியாது. சிறிய திரையைப் பத்தடி தள்ளி வைத்திருந்தவருக்கு அது தேவையே இல்லை. மூன்று பேருக்கும் ஒரே மதிப்பெண் போட்ட விமர்சனங்கள்தான் அந்தக் காலத்தின் உண்மையான குறைபாடு.

வாசகருக்கு இரண்டு வேண்டுகோள்கள். அலமாரியில் பழைய படத்தட்டுகள் வைத்திருப்பவர்கள், குறிப்பாக 2006 முதல் 2008 வரை அச்சானவற்றை, இந்த மாதமே போட்டுக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். முதல் அடுக்கு நன்றாக ஓடிப் பாதியில் நிற்பது மேலே சொன்ன தட்டு நோயின் வழக்கம். அடுத்து, இன்றிரவு ஒரு பழைய படம் பார்ப்பதாக இருந்தால் டிவியின் அமைப்புகளுக்குள் போய் இரைச்சல் நீக்கம், கூர்மை, அசைவை வழவழப்பாக்குவது ஆகியவற்றை அணைத்துவிட்டு, நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். புதிய பிளேயர் வாங்க வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.